சால்டர் சூடேறும் முன் விசிறியின் பேச்சைக் கேட்க வேண்டும்

கூரை விசிறி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும், நடுஇரவில் அதன் வேகத்தைத் தானாகக் குறைப்பதற்கு எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் தயவு வேண்டியிருக்கிறது என்பது எனக்கு நெடுநாளாகவே உவப்பாக இல்லை. சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் எங்கள் வீட்டில் பிற்பகல் இடிமழை வந்தால் முதலில் போவது இணையம். சில நாள்களில் மின்சாரமும் அதனுடன் சேர்ந்தே போகும். இணையம் திரும்ப மறுநாள் ஆகும் என்றால், செயலியில் போட்டுவைத்த நேர அட்டவணை அன்றிரவு ஓடாது. அப்பா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். படுக்கப் போகும்போது விசிறி முழு வேகத்தில் சுழல வேண்டும், பின்னிரவில் குளிர் தட்டத் தொடங்கியதும் அது தணிய வேண்டும், இவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இதற்கு உலகம் சுற்றி வரும் ஒரு கட்டளை எதற்கு என்ற கேள்விதான், விசிறியின் வைஃபை மாட்யூலைக் கழற்றிவிட்டுத் திறமூல ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஏற்றிய வேறொரு மாட்யூலை அந்த இடத்தில் வைப்பதில் போய் முடிந்தது.

இந்த வேலையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சால்டர் வைப்பதைப் பற்றியே பேசுகின்றன. என் கணிப்பில் சால்டர் வேலை இதில் சிறிய பங்குதான். எதை மாற்றுகிறோம், எதைத் தொடாமல் விடுகிறோம் என்பது தெளிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

டிசி மோட்டார் பொருத்திய இன்றைய விசிறிகள் பலவற்றில் இரண்டு சிப்புகள் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஒன்று, மோட்டாரைச் சுழற்றுவது, ரிமோட்டின் கட்டளையை வாங்குவது, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மைக்ரோகண்ட்ரோலர். மற்றொன்று, ஒரு சிறு பலகையில் தனியாக அமர்ந்திருக்கும் வைஃபை மாட்யூல். மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்பதே இந்த மாட்யூலுக்குத் தெரியாது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் துரைக்கும் மண்டோருக்கும் நடுவே நின்ற கிராணியைப் போல, வெளியே இருந்து வரும் செய்தியை உள்ளே சொல்வதும் உள்ளே நடந்ததை வெளியே அறிவிப்பதுமே அதன் வேலை. ஆகவே மாட்யூலை மாற்றினாலும் மோட்டாரின் பாதுகாப்பு, வேகக் கட்டுப்பாடு, ரிமோட் எல்லாம் இருந்தபடியே இருக்கும். “ரிமோட்டு பழையபடி வேலை செய்யும்ல?” என்று அப்பா கேட்டபோது தயங்காமல் “செய்யும்ப்பா” என்று சொல்ல முடிந்தது இதனால்தான்.

இரண்டு சிப்புகளும் பேசிக்கொள்ளும் மொழி பெரும்பாலும் ஒரே வகையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சீனாவின் ஹாங்ஜோ நகரில் 2014-இல் தொடங்கப்பட்ட துயா நிறுவனம் வைஃபை மாட்யூலையும் செயலியையும் சர்வரையும் ஒன்றாகச் சேர்த்து, விசிறி, விளக்கு, சுவிட்ச் தயாரிப்பாளர்களுக்கு வழங்குகிறது. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே அதே வகை மாட்யூல் இருக்க வாய்ப்பு மிகுதி. தொடக்க கால மாட்யூல்களில் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 சிப் இருந்தது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கேயாஸ் கணினிக் கழக மாநாட்டில், இவற்றின் ஃபர்ம்வேரைக் கம்பியில்லாமலேயே மாற்ற முடியும் என்று ஓர் ஆய்வாளர் செய்து காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் துயா-கன்வர்ட் என்னும் கருவி. அதன் பிறகு அந்த வழி அடைக்கப்பட்டது. பீக்கன், ரியல்டெக் போன்ற நிறுவனங்களின் சிப்புகள் மாட்யூல்களுக்குள் வந்தன. திறமூலக்காரர்கள் அவற்றையும் விடவில்லை. ஓப்பன்பீக்கன், லிப்ரெட்டைனி என்ற திட்டங்கள் இன்று அவற்றில் பலவற்றிற்கு ஃபர்ம்வேர் தருகின்றன. உங்கள் மாட்யூல் அந்தப் பட்டியலில் இருந்தால் எதையும் கழற்றாமல் அதன் மீதே புதியதை ஏற்றிவிடலாம்.

எங்கள் விசிறியில் இருந்த சிப் அந்தப் பட்டியல்களில் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் நான் மாட்யூலை மாற்றத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். பழைய மாட்யூல் கைபடாமல் ஓர் உறைக்குள் இருந்தால், நாளைக்கு விசிறியை வேறு ஒருவருக்குக் கொடுக்க நேர்ந்தாலும், திறமூலத் திட்டம் ஒன்று கவனிப்பாரற்றுப் போனாலும் அதைத் திரும்ப வைத்துவிடலாம். மேலெழுதிவிட்டால், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் ஒழிய, அந்த வாய்ப்பு இல்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. விசிறியை இறக்குவதும் ஏற்றுவதும் எங்கள் தாமானிலேயே இருக்கும் பதிவுபெற்ற வயர்மேன் தம்பியின் வேலையாக இருந்தது, “அக்கா, புது விசிறியாச்சே, வாரண்டி போயிடுமே?” என்று அவர் கேட்டதற்கு “போகத்தான் போகுது தம்பி” என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் போதாது, மின்பெட்டியில் அந்த இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சையே இறக்க வேண்டும். விசிறியை இறக்கிய பிறகும் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேராக்கினால் ஏறத்தாழ 325 வோல்ட் கிடைக்கிறது, அது விரலுக்கு இரக்கம் காட்டாது. மீட்டர் வைத்துப் பார்த்து, அது வடிந்துவிட்டது என்று உறுதியான பிறகே பலகையைத் தொட வேண்டும்.

இதைவிட மறைவான ஆபத்து ஒன்று உண்டு. விசிறிகளில் இருக்கும் 3.3 வோல்ட் மின்வழங்கி பெரும்பாலும் வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்படாத மலிவான வகையைச் சேர்ந்தது. பலகையில் ‘தரை’ என்று குறித்திருக்கும் கம்பியே வீட்டு மின்னழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கலாம். அந்த நிலையில், சிப்பின் பேச்சைக் கணினிக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி-சீரியல் கம்பியை மாட்டிக் கணினியோடு இணைத்தால் கணினி போகும், கம்பியைப் பிடித்திருக்கும் ஆளும் போகலாம். வீட்டு மின்சாரம் இணைந்திருக்கும் வேளையில் பலகைக்கும் கணினிக்கும் இடையில் எந்தக் கம்பியும் இருக்கக் கூடாது. சோதனை முழுவதும் மேசையில், வெளியிலிருந்து கொடுக்கும் 3.3 வோல்ட்டில்தான் நடக்க வேண்டும்.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன். மேசையில் பலகையை வைத்து, பழைய மாட்யூல் இன்னும் அதில் இருக்கும்போதே, 3.3 வோல்ட் தடத்திற்கு மட்டும் மின்சாரம் கொடுத்தேன். மோட்டார் சுழலாவிட்டாலும் மைக்ரோகண்ட்ரோலர் விழித்துக்கொண்டது. ரிமோட்டை அழுத்தினால் ‘பீப்’ என்றது. மாட்யூலின் அனுப்பும் முனையிலும் வாங்கும் முனையிலும் ஆளுக்கொரு மெல்லிய கம்பியை ஒட்டி, இரண்டு யூஎஸ்பி-சீரியல் கருவிகளின் வாங்கும் முனைகளோடு சேர்த்து, நொடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் கேட்கத் தொடங்கினேன். இவ்வகைப் பலகைகளில் வழக்கமாக இருப்பது 9600 அல்லது 115200; ஒன்றில் குப்பையாகத் தெரிந்தால் மற்றதைப் பார்க்கலாம்.

முதலில் திரையில் விழுந்தது, மாட்யூல் அனுப்பிய 55 ஏஏ 00 00 00 00 எஃப்எஃப் (இவை பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்கள்). இது நாடித்துடிப்பு, ‘நீ இருக்கிறாயா’ என்று மாட்யூல் கேட்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் 55 ஏஏ 03 00 00 01 00 03 என்று பதில் தந்தது. இந்த மொழியில் எந்தச் செய்தியும் 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்குகிறது. அடுத்து ஒரு பதிப்பு எண், அடுத்து கட்டளை எண், அடுத்த இரண்டு பைட்டுகளில் செய்தியின் நீளம், பிறகு செய்தி, கடைசியில் சரிபார்ப்பு எண். முன்னால் வந்த பைட்டுகள் அத்தனையையும் கூட்டி, 256-ஆல் வகுத்து வரும் மீதிதான் அந்தச் சரிபார்ப்பு எண். தாளில் கூட்டிப் பார்த்துவிடலாம், கருவி எதுவும் வேண்டியதில்லை. விடை பொருந்தினால், நம் முன்னால் இருப்பது துயாவின் சீரியல் மொழிதான் என்று துணிந்து முடிவு செய்யலாம்.

துடிப்புக்குப் பின் மாட்யூல் பொருளின் அடையாளத்தைக் கேட்கிறது, வைஃபையின் நிலையை அறிவிக்கிறது, கடைசியாக எல்லா நிலைகளையும் சொல் என்கிறது. அதற்கு 07 என்ற கட்டளை எண்ணோடு வரும் பதில்களில்தான் நமக்கு வேண்டிய புதையல் இருக்கிறது. விசிறியின் ஒவ்வொரு வசதிக்கும் ஓர் எண் உண்டு; அதை டேட்டா பாயின்ட் என்பார்கள். அதன் வகை 01 என்றால் ஆம்-இல்லை, 02 என்றால் எண், 04 என்றால் வரிசைப்பட்டியலில் ஒன்று. ரிமோட்டில் வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே திரையைப் பார்த்தால் எந்த எண் மாறுகிறது என்பது கண்முன் தெரியும். விசிறியை நிறுத்தினால் ஓர் எண், சுழலும் திசையை மாற்றினால் மற்றோர் எண், விளக்கின் நிறத்தை மஞ்சளிலிருந்து வெள்ளைக்குக் கொண்டுபோனால் வேறோர் எண். இப்படி ஒரு பொத்தானையும் விடாமல் அழுத்தி, ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள்தான் இந்த வேலையின் உயிர். வெவ்வேறு விசிறிகளில் இந்த எண்கள் வெவ்வேறாக இருக்கும் என்பதால் மற்றவர் எழுதிவைத்த பட்டியலை நம்பி இறங்குவதைக் காட்டிலும் கேட்டு எழுதிக்கொள்வது மேல்.

கேட்பதால் இன்னொரு பயனும் உண்டு. சில மலிவான பலகைகளில் தனி மைக்ரோகண்ட்ரோலரே இருக்காது; வைஃபை மாட்யூலின் கால்களே நேராக ரிலேக்களையும் விளக்கையும் இயக்கும். அங்கே சீரியல் முனைகளில் இந்தப் பேச்சு கேட்காது. அந்த நிலையில் இஷ்டத்திற்கு மாட்யூலைக் கழற்றினால், எந்தக் கால் எதை இயக்கியது என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது.

புதிய மாட்யூலாக நான் எடுத்துக்கொண்டது இஎஸ்பி-12எஃப். ஈப்போவில் உள்ள மின்னணுப் பொருள் கடையில் சில ரிங்கிட்டுகளுக்குக் கிடைக்கிறது. துயாவின் மாட்யூல்களில் பல இதே அளவில், இரு பக்கமும் எட்டெட்டுக் கால்களோடு, சீரியல் முனைகளும் மின்முனைகளும் அதே இடங்களில் வருமாறு செய்யப்பட்டிருப்பதால் பழையது இருந்த தடத்திலேயே இது உட்காரும். உங்கள் பலகையில் இது பொருந்துகிறதா என்பதை மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய மாட்யூலை எடுக்கும்போது அவசரம் கூடாது. இரு பக்கத்துக் கால்களிலும் புதிய சால்டரைத் தாராளமாக வைத்து, சூடான காற்றுக் கருவியை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் மாட்யூல் தானாகவே இலேசாக வழுக்கும். அப்போது சாமணத்தால் தூக்கினால் போதும். அதற்கு முன்னால் நெம்பினால் பலகையிலிருக்கும் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும். பிறகு செப்புப் பின்னலால் மிச்சச் சால்டரை உறிஞ்சி, தடங்களைச் சமப்படுத்த வேண்டும்.

இஎஸ்பி8266 சிப் விழிக்கும் நேரத்தில் அதன் சில கால்கள் குறிப்பிட்ட நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எழவே எழாது. இஎன் என்ற கால் 3.3 வோல்ட்டோடும், 15 என்று குறித்த கால் தரையோடும், ஒவ்வொன்றும் 10 கிலோஓம் ரிசிஸ்டர் வழியாகச் சேர வேண்டும். 15-ஆம் காலுக்குப் பக்கத்திலேயே தரைக்கால் இருப்பதால், அரிசிக் குறுணை அளவுள்ள ஒரு ரிசிஸ்டரை இரண்டு கால்களுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக ஒட்டினால் கச்சிதமாக நிற்கிறது. இஎன் மேலே மூன்றாவது கால், 3.3 வோல்ட் அதே பக்கத்தில் கடைசிக் கால். அங்கே மட்டும் ரிசிஸ்டரின் கம்பியை மாட்யூலின் உலோக மூடிக்கு மேலாக, மின்காப்புக் குழாய் போட்டுக் கொண்டுபோனேன். வைஃபை செய்தி அனுப்பும் கணங்களில் இந்தச் சிப் இழுக்கும் மின்னோட்டம் திடீரென்று எகிறும் என்பதால், மின்முனைகளுக்குக் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரையும் வைத்தேன். பழைய மாட்யூலின் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அதே பக்கம் புதியதும் பார்க்க வேண்டும். கூரையோடு ஒட்டியிருக்கும் உலோகக் குவளைக்குள் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் அறையின் மூலையிலிருக்கும் ரூட்டருக்கே அது எட்டாமல் போகும்.

ஃபர்ம்வேராக இஎஸ்பிஹோம். 2018-இல் தொடங்கிய இத்திட்டம் 2021-இல், வீட்டுக் கருவிகளை வீட்டுக்குள்ளிருந்தே இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருளின் பின்னால் இருக்கும் நாபு காசா நிறுவனத்திடம் வந்து, 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. டாஸ்மோட்டா என்ற மற்றொரு திறமூல ஃபர்ம்வேரும் இந்த வேலைக்கு ஏற்றதுதான். எழுதிவைத்த ஒரே கோப்பிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு இஎஸ்பிஹோம் பிடிக்கும். மாட்யூலைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்பே முதல் ஃபர்ம்வேரை அதில் ஏற்றிவிட வேண்டும். கூரைக்குப் போன பிறகு எல்லாத் திருத்தங்களும் வைஃபை வழியாகவே நடக்கும்.

கோப்பில் தவறவிடக் கூடாத வரி ஒன்று உண்டு. இஎஸ்பிஹோம் தன் செயல்பாட்டுக் குறிப்புகளைச் சீரியல் முனையில் வழக்கமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இங்கே அதே முனையில்தான் மைக்ரோகண்ட்ரோலர் காத்திருக்கிறது. ஆகவே குறிப்புகளுக்கான லாகர் பகுதியில் பாட் ரேட் என்னும் சீரியல் வேகத்தைச் சுழியமாக வைத்து அதன் வாயைக் கட்ட வேண்டும். குறிப்புகளை வைஃபை வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். அடுத்து, துயா பகுதியைச் சேர்த்து, தாளில் எழுதிய எண்களை விசிறிக்கும் விளக்கிற்கும் உரிய இடங்களில் நிரப்பினால் போதும். வேகத்தின் வகை 02 என்றால் படிகள் 1-இல் தொடங்கும், 04 என்றால் 0-இல் தொடங்கும். இதை இஎஸ்பிஹோம் தானே கவனித்துக்கொள்கிறது, மொத்தம் எத்தனை படிகள் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும்.

இஎஸ்பிஹோம் ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைந்த கணமே, சர்வரோடு இணைந்துவிட்டதாக மைக்ரோகண்ட்ரோலருக்கு அறிவித்துவிடுகிறது. பாவம், அது நம்பியும் விடுகிறது. எந்தச் சர்வர் என்று கேட்க அதற்கு வழியில்லை. தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் சிறிய கணினிதான் அந்தச் சர்வர்.

வழக்கமான அமைப்பின்படி, ஹோம் அசிஸ்டன்ட்டின் தொடர்பு 15 நிமிடம் கிடைக்காவிட்டால் மாட்யூல் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். மோட்டாரை ஓட்டுவது மைக்ரோகண்ட்ரோலர் என்பதால் அப்போதும் விசிறி நிற்காது. இருந்தாலும் எனக்கு அது தேவையற்ற பரபரப்பாகத் தோன்றியதால் அந்தக் கால எல்லையைச் சுழியமாக்கிவிட்டேன்.

பின்னிரவு விதி இப்போது வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. கட்டிலருகே வேறொரு இஎஸ்பி8266-இல் பொருத்திய வெப்ப உணரி 26 பாகைக்குக் கீழே காட்டினால் விசிறி ஒரு படி இறங்கும். இதைவிட முக்கியமான விதி, அப்பா ரிமோட்டைத் தொட்டுவிட்டால் தானியங்கி விதி அன்றிரவு முழுவதும் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது. ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு மாற்றத்தோடும் அது எங்கிருந்து வந்தது என்ற தகவலையும் வைத்திருக்கிறது. செயலியில் தொட்ட பயனரும் இல்லாமல், தூண்டிய விதியும் இல்லாமல் வந்த மாற்றம் என்றால் அது ரிமோட்டிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த விதி இல்லாத தானியங்கி எதையும் நான் வைக்க மாட்டேன். மனிதர் கையால் கூட்டியதை இயந்திரம் குறைத்தால், அடுத்த நாளே அந்த இயந்திரத்தைப் பிடுங்கச் சொல்லிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அதிகம் யோசிக்க வைத்தது மின்தடைதான். மின்சாரம் போய் வந்தால் இந்த விசிறி அணைந்த நிலையிலேயே விழிக்கும். பழைய விசிறிகள் அப்படி இல்லை. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுழலும். அந்தப் பழைய குணத்தைத் திரும்பக் கொண்டுவர, கடைசி வேகத்தை மாட்யூலே நினைவில் வைத்திருக்குமாறு செய்தேன். இஎஸ்பி8266 இத்தகைய மதிப்புகளை மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில்தான் வழக்கமாக வைக்கும் என்பதால், அழியாத நினைவகமான ஃபிளாஷிலிருந்து மீட்கும் தெரிவைக் கோப்பில் தனியாக இயக்க வேண்டும். மற்றொரு கண்ணியும் உண்டு. மின்சாரம் திரும்பியதும் மைக்ரோகண்ட்ரோலர் அனுப்பும் முதல் அறிக்கை ‘அணைந்திருக்கிறேன்’ என்றுதான் இருக்கும். அதையும் சேமித்துவிட்டால் பழைய வேகம் அழிந்துபோகும். ஆகவே முதல் அறிக்கை வரும்வரை காத்திருந்து, சேமித்த நிலையை அனுப்பிய பிறகே புதியவற்றைச் சேமிக்கத் தொடங்க வேண்டும். இதனால் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டாலும் விசிறி முன்பிருந்த வேகத்திலேயே சுழல்கிறது. அப்பா இப்போது ரிமோட்டைத் தேடுவதே இல்லை, அறைக்குள் நுழையும்போது சுவிட்சைப் போடுகிறார்.

அடுத்தது கூடத்து விசிறி. குவளையைத் திறந்து பார்த்ததில் அந்தப் பலகையில் தனி மைக்ரோகண்ட்ரோலர் இல்லை என்று தெரிகிறது. மாட்யூலின் கால்களைத் தடம் பிடித்து வரைந்து முடித்த பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன்.